நாகச் சிக்கற் சேர்வைகளும் நுண்ணங்கி எதிர்ப்பும்

மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுக்கள் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 இலட்சம் மரணங்களுக்கு நேரடிக் காரணமாயின என மதிப்பிடப்பட்டுள்ளது. புதிய மருந்துகளின் வரவோ மந்தமாகவே உள்ளது. இலாபம் குறைந்த இத்துறையைப் பெருங்கம்பனிகள் பல கைவிட்டுவிட்டன. இந்நிலையில் இரசாயனவியலாளரின் கவனம் உலோகச் சிக்கற் சேர்வைகளின்பால் திரும்பியிருப்பது வியப்பன்று. அவற்றுள் நாகத்தின் சேர்வைகளை மட்டும் இங்கு நோக்குவோம்.

நாக அயனின் டி உபசக்திமட்டம் பத்து இலத்திரன்களால் முற்றாக நிரம்பியது. எனவே செம்பு, இரும்பு ஆகியவற்றைப்போல் அது கலத்தினுள் எளிதில் ஒட்சியேற்றப்படுவதோ தாழ்த்தப்படுவதோ இல்லை. நான்கு, ஐந்து, ஆறு எனப் பல எண்ணிக்கையில் இணையணுக்களை ஏற்கவும் வல்லது. உயிரினங்கள் இப்பண்பை நன்கு பயன்படுத்துகின்றன. காபொனிக் அன்ஐதரேசு என்னும் நொதியத்தில் நாகம் உண்டென்பது 1940இலேயே அறியப்பட்டது.

சிக்கற் சேர்வை தனி இணையியைவிட வீரியமுள்ளதாய் இருப்பதற்கு ருவீடி 1964இல் அளித்த விளக்கம் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. இணையி, நண்டின் கொடுக்குப்போல் உலோக அயனைக் கவ்வும்போது அயனின் ஏற்றம் பரவிக் குறைகின்றது. சேர்வை கொழுப்பில் கரையுந் தன்மை பெற்றுக் கலமென்சவ்வை ஊடுருவுகின்றது என்பதே அது. விளக்கம் பொருத்தமானதே. ஆயினும் ஒவ்வொரு சேர்வைக்கும் அதனைச் சோதியாமலே ஒட்டிவிடும் வழக்கம் விரும்பத்தக்கதன்று.

நன்கு ஆராயப்பட்ட ஓர் உதாரணம் நாகப் பைரிதயோன் ஆகும். பொடுகை நீக்கும் சம்பூக்களில் நெடுங்காலம் பயன்பட்டுவரும் இச்சேர்வையில், இணையி கந்தகத்தினாலும் ஒட்சிசனினாலும் நாகத்தைப் பற்றியுள்ளது. பொடுகுக்குக் காரணமான மதுவத்தை நாகமே கொல்கின்றது என எண்ணத் தோன்றும். ஆனால் 2011இல் வெளியான ஆய்வொன்று, பைரிதயோன் சூழலிலுள்ள செம்பை மதுவக் கலத்தினுட் கொண்டுசெல்வதையும், அச்செம்பு இரும்பு-கந்தகப் புரதங்களைச் சிதைப்பதையும் காட்டிற்று. உள்ளே நிகழ்ந்த சேதத்தில் முக்கிய பங்கு வேறோர் உலோகத்துக்கு! இச்சேர்வை இனப்பெருக்க நச்சுத்தன்மையுடையதென வகைப்படுத்தப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் அழகுசாதனங்களில் அதன் பாவனையைத் தடைசெய்தது.

நாகம் பற்றீரியாவின் ஆயுதமுமாகும். 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்ட என்.டி.எம்.-1 நொதியம், தன் இரு நாக அயன்களின் துணையுடன் நீரை ஏவிக் காபாபெனெம் முதலிய மருந்துகளின் வளையத்தை உடைத்துவிடுகின்றது. அந்நாகத்தைப் பறிக்கவல்ல, பங்கசு ஒன்றிலிருந்து கிடைக்கும் அசுப்பேசிலோமரசுமீன்-ஏ என்னும் பதார்த்தம், தொற்றுற்ற சுண்டெலிகளில் மெரோபெனெம்மின் வலுவை மீட்டது என 2014இல் அறிவிக்கப்பட்டது. நம் உடலும் இவ்விரு வழிகளையும் அறியும்: கல்புரொற்றெக்ரின் என்னும் புரதத்தால் நுண்ணங்கிக்கு நாகத்தை மறுக்கின்றது, பெருந்தின்கலத்தினுள் அதனை மிகையாக ஊட்டி நஞ்சாக்குகின்றது. ஆகவே நாகத்தைப் பற்றும் இணையி ஒன்று, அதனை உள்ளே கொணர்ந்து கொல்கின்றதா, பறித்துக் கொல்கின்றதா என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

ஏகார்த் தட்டில் தோன்றும் தடை வலயம் இவ்வினாவுக்கு விடையளிக்காது. வலயத்தின் விட்டம் சேர்வையின் வீரியத்தை மட்டுமன்றி, அது ஏகாரிற் பரவும் வேகத்தையும் பொறுத்தது. வளர்ப்பூடகத்திலுள்ள பொசுபேற்றும் புரதங்களும் நாகத்தைப் பற்றிச் சேர்வையையே குலைத்துவிடலாம். தனி இணையி, எளிய நாக உப்பு, கரைப்பான் ஆகிய மூன்றையும் அருகில் வைத்துச் சோதித்து, இழிவுத் தடைச் செறிவை அளந்து, மனிதக் கலங்களுக்கு விளையும் தீங்கையும் ஒப்பிடாத முடிவுகளை மருந்தாய்வு எனக் கொள்வதற்கில்லை. எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்றிக்குட்டிகளின் தீனியில் பெருமளவு நாக ஒட்சைட்டுச் சேர்க்கப்பட்டபோது, மெதிசிலினுக்கு அடங்காத பற்றீரியா பெருக அது துணைநின்றது. நாகத்தைத் தாங்கும் பரம்பரையலகு மருந்தைத் தாங்கும் பரம்பரையலகின் அயலிலேயே அமைந்திருந்தது. அப்பாவனையும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூனில் நிறுத்தப்பட்டது.