மின்னழுத்த வருடலும் மின்னோட்ட வருடலும்

மின்னணுப் பொருளொன்றின் இயல்பை அறிய, அதற்கு அளிக்கும் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஓடும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்வர். மாட்டுங்காவிலுள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் போன்ற கல்லூரிகளில் மாணவர் கையால் திருகிச் செய்து பழகும் இச்சோதனையை, இன்றைய அளவுகருவி தானே செய்து முடிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்வீப்’ என்று பெயர். இதனைப் ‘பெருக்குதல்’ எனப் பெயர்த்தால் துடைப்பமும் கணக்கும் ஒருங்கே நினைவுக்கு வரும். ஆதலின் ‘வருடல்’ என்போம்.

எதனை ஏற்றுவது, எதனை அளப்பது என்பதே முதற் கேள்வி. சிலிக்கன் டயோடில் மின்னழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் கூடும்போதெல்லாம் மின்னோட்டம் பத்து மடங்காகிறது. 0.1 வோல்ட் வீதம் ஏற்றிச் சென்றால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே வளைகோட்டின் பெரும்பகுதி மறைந்துபோகும். அங்கே மின்னோட்டத்தை 1, 10, 100 மைக்ரோஆம்பியர் எனப் பன்மடங்குப் படிகளில் ஏற்றி, மின்னழுத்தத்தை அளப்பதே முறை. இதற்கு மடக்கை வருடல் என்று பெயர். 1957-இல் லியோ எசாகி கண்டறிந்த சுரங்க டயோடிலோ நிலைமை வேறு. அதில் ஓரிடத்தில் மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் குறைகிறது. ஒரே மின்னோட்டத்திற்கு மூன்று மின்னழுத்தங்கள் பொருந்துகின்றன. மின்னோட்டத்தை ஏற்றினால் அப்பகுதியைக் காணாமலே தாண்டிவிடுவோம். அங்கு மின்னழுத்த வருடலே துணை.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் அப்ஸரா அணு உலை 1956 ஆகஸ்டு 4 அன்று இயங்கத் தொடங்கியது. அத்தகைய இடங்களில் கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் குழாய்க்கு வருடல் இன்றியமையாதது. கதிரியக்கப் பொருளை அசையாது ஓரிடத்தில் வைத்து, குழாயின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடத் துடிப்புகளை எண்ணுவர். தொடக்கத்தில் ஒன்றும் கேளாது. பின்னர் எண்ணிக்கை விரைந்தேறும். அதன்பின் மின்னழுத்தம் கூடினும் எண்ணிக்கை பெரிதும் மாறாத சமவெளி வரும். வேலை மின்னழுத்தத்தை அச்சமவெளியிலேதான் வைக்க வேண்டும். ஏறுமுகத்தில் வைத்துவிட்டால், மின்வழங்கி சற்றே தளர்ந்தாலும் எண்ணிக்கை குறைந்து காட்டும். ஆபத்தான இடத்தில் நிற்பவர் தாம் நலமாக இருப்பதாகவே எண்ணுவார். சமவெளியைக் கடந்து ஏற்றினாலோ தொடர் மின்னிறக்கம் நேர்ந்து குழாயே பழுதாகக் கூடும். எனவே, எண்ணிக்கை திடீரென உயரத் தொடங்கியதும் வருடலை நிறுத்துவது பழகிய கைகளின் வழக்கம்.

பொருள் சூடாகி அளவு பிறழுமாயின் துடிப்பு வருடல் உதவும். ஒவ்வொரு படியிலும் கணநேரம் மட்டுமே மின்சாரம் பாயும். சூரிய மின்பலகைகளைச் சோதிக்கும் ஒளிவெட்டு விளக்கு சில மில்லிசெகண்டே எரிவதால், வருடல் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

மேலே ஏறிய வழியே கீழிறங்கிப் பார்ப்பது இருவழி வருடல். இரு வளைகோடுகளும் பொருந்தாவிடில், பொருளினுள் சிக்கிய மின்னூட்டமோ வெப்பமோ காரணமாகலாம். ஏற்றிய வேகம் மிகையாக இருந்ததாலும் அவ்வாறு நேரும். பொருளைக் குறை கூறுமுன் வேகத்தைப் பாதியாக்கி மீண்டும் ஒருமுறை வருடிப் பார்ப்பது நன்று.