கரையான் தின்னாத டைரி



போன மழையில் எங்க வீட்டு நிலப் பத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டது. தாத்தா அழுதே விட்டார். சார்பதிவாளர் ஆபீசில் நகல் இருந்ததால் தப்பித்தோம்.

சரித்திரத்துக்கும் நகல்தான் காவல். 1640-இல் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், துணி வியாபாரம், வரி, சண்டை என்று கூடிப் பேசியதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்தார்கள். அந்தப் பழைய தாள்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1672 முதலான குறிப்புகளை 1910 தொடங்கி அரசு புத்தகமாக அச்சிட்டது. அவற்றில் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். மீஞ்சூரில் உட்கார்ந்தே படிக்கலாம்!

ஆனால் ஒன்று: எழுதியவர்கள் கம்பெனிக்காரர்கள். நம்ம நெசவாளியின் குரலை நாம்தான் தேடிப் பிடிக்கணும்.

உங்க வீட்டுப் பத்திரத்துக்கும் இன்றே நகல் எடுங்கள்!