தீக்காயத்துக்குக் காபித்தூள் மருந்தல்ல

தீபாவளி முடிந்த வாரம் தீக்காயத்தோடு வருபவர்களுக்கு எங்கள் முதல் வேலை, காயத்தின் மேல் அப்பியிருப்பதைக் கழுவி எடுப்பதுதான். காபித்தூள், டூத்பேஸ்ட், மஞ்சள், பேனா மை, தோசை மாவு என்று எல்லாமும் இருக்கும். புண்ணோடு ஒட்டிக் காய்ந்த காபித்தூளை ஈரத்துணியால் எடுக்கும்போது குழந்தை துடிக்கிற துடிப்பைப் பெற்றவர்களால் பார்க்க முடியாது. அதைவிட வருத்தம், ஒரு மாதம் வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டு, விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிய பிறகு வருபவர்களைப் பார்ப்பது.

"தண்ணி ஊத்தினா கொப்புளம் போட்டுடும்"

இதைச் சொல்லாத வீடு இல்லை. கொப்புளம் சூட்டினால் வருவது, தண்ணீரால் அல்ல. தீயை அணைத்த பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு சிறிது நேரம் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த, காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். உடனே முடியாவிட்டாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. குழந்தைக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். ஐஸ் வேண்டாம், ரத்தக்குழாய் சுருங்கிக் காயம் இன்னும் ஆழமாகும். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

"காத்தாட விடுங்க, சீக்கிரம் காயும்"

காய்வது வேறு, ஆறுவது வேறு. ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், மெல்லிய பாலித்தீன் தாளால் மூடிய புண்கள் திறந்து விட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடின. புதுத் தோல் ஈரத்தில்தான் நகரும். பொருக்கு அதற்குத் தடை.

அடுத்தது பத்தியம். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் கோக்குமாம்! சீழ் பிடிப்பது கிருமியால். புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும். அந்த நேரம் பார்த்து வெறும் ரசஞ்சோறு போட்டால் புண் எப்படி ஆறும்?

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது கட்டிதட்டி, அடியில் சீழ் சேர்வதை மறைக்கும். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தாமாக வாங்கித் தடவினால் புண் ஆறுவது தள்ளிப்போகும். "போன தடவை கேட்டுச்சே டாக்டர்" என்கிறார்கள். போன தடவை அது தானாக ஆறியிருக்கும்!

தழும்பு

எங்களிடம் வந்ததும், டெட்டனஸ் தடுப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்போம். சர்க்கரை அளவும், சீழ் இருந்தால் என்ன கிருமி என்று அறியக் கல்ச்சரும் பார்ப்போம். 3 வாரத்துக்குள் ஆறாது என்று தெரிந்தால், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவது நல்லது. இழுத்தடித்து ஆறும் புண்ணில்தான் தடித்த தழும்பு வருகிறது.

புண் முழுவதும் மூடியதும் சிலிக்கோன் ஷீட், நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், சில மாதங்கள். பெரிய தீக்காயத்துக்கு அழுத்த உடை, குளிக்கும் நேரம் தவிர நாள் முழுதும். மூட்டில் காயம் என்றால் ஸ்பிளிண்டும் பயிற்சியும் முதலிலிருந்தே வேண்டும். தழும்பு அடங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

காது குத்திய இடத்திலும் நெஞ்சிலும் புண்ணின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால், பெரும்பாலும் திரும்ப வரும். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். க்ரீமில் வேண்டாம் என்ற அதே ஸ்டீராய்டுதானே என்று கேட்காதீர்கள். அது ஆறிய தழும்புக்கு, ஆறாத புண்ணுக்கு அல்ல.

ஒரு வேண்டுகோள்

குழந்தை மேல் வெந்நீர் கொட்டினால் சமையலறை அலமாரியைத் திறக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீரில் காட்டுங்கள், சுத்தமான துணியால் மூடுங்கள், அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். தயவுசெய்து மறுநாள் வரை பொறுத்துப் பார்க்காதீர்கள்.