கம்ப்யூட்டர் ஏன் பட்டென்று அணைகிறது?

எரியோடு கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறீர்களா? சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்தால், பிராசஸர் சூட்டைச் சோதியுங்கள். பெரிய பகா எண்களைத் தேட எழுதப்பட்ட 'பிரைம் 95' என்ற இலவச மென்பொருள், பிராசஸரை முழு மூச்சாக வேலை வாங்கும். அப்போது 'எச்டபிள்யூ மானிட்டர்' என்ற இன்னொரு மென்பொருள் வெப்பநிலையைக் காட்டும். பல இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது தாமாகவே வேகத்தைக் குறைக்கும். சூடு மேலும் ஏறினால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். சோதனை தொடங்கிய சில நிமிடங்களிலேயே 95 டிகிரியைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியிலும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கிலும் படிந்த தூசியைத் தட்டுங்கள். பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். இஸ்ரோ ராக்கெட்டுகளுக்கான 'விக்ரம் 3201' பிராசஸர் 125 டிகிரி வரை தாங்கும். கடைக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தெம்பு கிடையாது!