ஒரே அட்டை, இரண்டு முகவரி

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடவேளை. பிணைய நெறிமுறைகளை நடத்திக்கொண்டிருந்தேன். "மிஸ், எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரே நெட்வொர்க் கார்டுதான் இருக்கு. ஆனா ஐபிவி4, ஐபிவி6னு ரெண்டு முகவரி காட்டுது. எப்படி மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றது சும்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அவள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அதுதான் உறுத்தியது.

அன்றிரவு என் வீட்டுக் கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்தேன். ஒன்றில் ஐபிவி4 வழியாகவும் மற்றதில் ஐபிவி6 வழியாகவும் ரூட்டருக்கு பிங் கொடுத்தேன். இரண்டிலும் பதில் வந்துகொண்டே இருந்தது. நான் சொன்னது தவறு.

ஈதர்நெட் கம்பியில் தரவு சட்டகம் சட்டகமாகப் போகிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் முதல் 6 பைட் பெறுநர் அட்டையின் முகவரி, அடுத்த 6 பைட் அனுப்புநர் அட்டையின் முகவரி. அதற்கடுத்த 2 பைட்டில்தான் விடை இருக்கிறது. உள்ளே இருப்பது எந்த நெறிமுறையின் தரவு என்பதைச் சொல்லும் எண் அது. பதினாறு நிலை எண் முறையில் ஐபிவி4-க்கு 0800, ஐபிவி6-க்கு 86டிடி. அட்டை பெறுநர் முகவரியை மட்டும் பார்த்துச் சட்டகத்தை இயக்கி மென்பொருள் வழியாக மேலே அனுப்புகிறது. இயங்குதளம் எண்ணைப் பார்த்து உரிய நெறிமுறையிடம் சேர்க்கிறது. அட்டைக்கு உள்ளே இருப்பது எதுவென்ற கவலையே இல்லை!

இது புதிதும் அல்ல. விண்டோஸ் 98 காலத்தில் ஒரே அட்டையில் டிசிபி/ஐபி-யும் நாவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஐபிஎக்ஸின் எண் 8137. இப்படிப் பல நெறிமுறைகள் ஓர் அட்டையைப் பகிர்ந்துகொள்ள மைக்ரோசாஃப்ட்டும் 3காம் நிறுவனமும் சேர்ந்து வகுத்ததே என்டிஐஎஸ்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக என் தவற்றைச் சொன்னேன். பிறகு பழைய அஞ்சல் உறைகள் இருபதை எடுத்து, மூலையில் இந்த எண்களை எழுதினோம். ஒரு மாணவர் அட்டை, ஒருவர் இயங்குதளம், இருவர் நெறிமுறைகள். தன் முகவரி இல்லாத உறையை 'அட்டை' கீழே போட்டுவிட வேண்டும். உறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தன. ஆனாலும் இரண்டு நெறிமுறைகளுக்கும் வேலை இருந்துகொண்டே இருந்தது. "ஒரு நேரத்தில் ஒன்று" என்று நான் குழம்பிய இடமும் இதுதான். கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு சட்டகம்தான் செல்லும். அதனால் வேகத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேண்டுமென்றே 8137 எழுதிய உறை ஒன்றையும் கலந்திருந்தேன். இயங்குதளமாக நின்ற மாணவன் இரு பக்கமும் பார்த்துவிட்டு, "இதை வாங்க ஆளே இல்ல மிஸ்" என்றான். தூக்கிப் போடச் சொன்னேன். கணினியும் அதைத்தான் செய்கிறது.