ஆலமரத்து அம்பு



திருப்பத்தூரிலிருந்து மேலூர் வழியாக மதுரைக்கு வரும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பேருந்தில் ஏறி ஒரு கதைப் புத்தகத்தை விரித்தால், அதை முடிப்பதற்குள் மதுரை வந்துவிடும். அவ்வூரைத் திருப்புத்தூர் என்று வழங்கிய காலத்தில் மக்கள் இவ்வழியைக் கால்நடையாகவே கடந்தனர். அப்படி ஓர் அந்தணன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மதுரையிலுள்ள தன் மாமன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வழியில் மனைவிக்கு நீர்வேட்கை மிகுந்தது. அவளை ஓர் ஆலமரத்து நிழலில் அமர்த்திவிட்டு, அவன் நீர் தேடிச் சென்றான். நீரோடு திரும்பியபோது மனைவி உடலில் அம்பு பாய்ந்து இறந்து கிடந்தாள், குழந்தை அழுதுகொண்டிருந்தது. மரத்தின் மறுபக்கத்தில், கையில் வில்லும் அம்புமாக ஒரு வேடன் நின்றான்.

கொலையாளி யார்? ஐயத்துக்கு இடம் உண்டா?

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்திலுள்ள 64 படலங்களுள் 25-ஆவதாகிய பழியஞ்சின படலம் இவ்வாறு தொடங்குகிறது. கொலையும், அதைத் துருவி ஆராய்தலும், உலகியலுக்கு அப்பாற்பட்ட வியப்பும் ஒன்றாகக் கலந்த சிறுகதைகளை இக்கால மாணவர் ஆர்வத்தோடு படிக்கின்றனர். அவை முழுவதும் மேனாட்டிலிருந்து வந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். நம் மதுரையிலேயே அத்தகைய கதை ஒன்று உண்டு. அதுவும் மிகத் தேர்ந்த கதை. அடியார்க்கு இது இறைவன் திருவிளையாடல். அந்தப் பெருமைக்குக் குறைவு நேராத வகையில், கதை என்ற அளவில் மட்டும் அதை இங்கே நோக்குவோம்.

அந்தணன் வேடனைப் பற்றிக்கொண்டு, மனைவியின் உடலோடும் குழந்தையோடும் குலோத்துங்க பாண்டியனின் அரண்மனை வாயிலுக்கு வந்து முறையிட்டான். வேடனோ, இளைப்பாற நிழலை நாடி வந்ததன்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். வருத்திக் கேட்டனர், அவன் சொல் மாறவில்லை. சான்றுகளெல்லாம் அவனுக்கு எதிராகவே நின்றன. அம்பு, வில், இடம், நேரம் என்று எதை எடுத்தாலும் அவனையே சுட்டியது. ஆனால் காரணம் என்ற ஒன்று மட்டும் இல்லை. முன்பின் அறியாத ஒரு பெண்ணை அவன் ஏன் கொல்லவேண்டும்? அரசன் மனம் அங்கே தடைப்பட்டு நின்றது. அவன் தீர்ப்பு வழங்கவில்லை. வேடனைக் காவலில் வைத்துவிட்டு, ஈமக்கடன் செய்து வருமாறு அந்தணனை அனுப்பினான்; பின் சோமசுந்தரர் திருமுன் சென்று முறையிட்டான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முன்னொரு நாள் யாரோ எய்த அம்பு அம்மரக்கிளையில் சிக்கியிருந்தது. காற்று அசைக்கவே கீழே விழுந்து அவள் உடலில் பாய்ந்தது. கதை கேட்கும் நமக்கு இது தொடக்கத்திலேயே தெரியும், அரசனுக்குத்தான் தெரியாது. ஆகவே, கொன்றவன் யார் என்ற கேள்வி நம்மை வருத்துவதில்லை. குற்றமற்றவனை இவ்வரசன் கொன்றுவிடுவானோ என்ற அச்சமே வருத்துகிறது. கொலைக் கதைகளுள் இதுவே கடினமான வகை என்பது என் கருத்து. மறைத்து வைத்துத் திகைக்கச் செய்வது எளிது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பதறச் செய்வது அவ்வளவு எளிதன்று.

நகர்ப்புறத்து வணிகர் தெருவில் ஒரு திருமண வீடு உண்டு, அங்கே அந்தணனோடு வருக என்று அசரீரி எழுந்தது. இருவரும் மாறுவேடத்தில் சென்றனர். அங்கே இரண்டு எமதூதர்கள் பேசிக்கொண்டிருந்தது, இறைவன் அருளால் இவர்கள் செவிக்குக் கேட்டது. மணமகன் நோயற்றவனாயிற்றே, அவன் உயிரை எவ்வாறு கவர்வது என்று ஒருவன் வினவினான். ஆலமரத்து அம்பைக் காற்றால் வீழ்த்தி அந்தணன் மனைவியின் உயிரைக் கவர்ந்ததுபோல, மணவீட்டு ஆரவாரத்தால் பசுவை மிரளச் செய்து முட்டவைக்கலாம் என்றான் மற்றவன். மர்மம் அவிழ்ந்தது.

இதைக் கேட்டதும் அந்தணன் நம்பிவிட்டானா? இல்லை. இவர்கள் சொன்னவாறு மணமகன் இறந்தால், என் மனைவி இறந்ததும் அவ்வாறே எனக் கொள்வேன் என்றான். தெய்வமே சான்று காட்டினும் அதையும் சோதித்தே ஏற்கிறான். சிறிது நேரத்தில் மங்கல ஒலி எழுந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து மணமகனை முட்டி வீழ்த்தியது. மணப்பறை பிணப்பறை ஆயிற்று.

இங்கிலாந்துப் பாதிரியாராகிய ரொனால்டு நாக்ஸ் என்பவர் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். இயற்கை கடந்த ஆற்றல் எதுவும் கதையில் தலையிடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. எழுத்தாளன் வழி தெரியாமல் விழிக்கும்போதெல்லாம் பேயையோ பூதத்தையோ அழைத்துவிட்டால், அறிவுக்கு அங்கே வேலை ஏது? விதியின் நோக்கம் நியாயமானதே. நம் கதை அவ்விதியை மீறுகிறது, நோக்கத்தை மீறவில்லை. எமதூதர்கள் மந்திரத்தால் எவரையும் கொல்லவில்லை. காற்று, பழைய அம்பு, கட்டிய பசு, மேளச் சத்தம் ஆகிய அன்றாடப் பொருள்களே கருவிகள். எட்கார் ஆலன் போ 1841-இல் வெளியிட்ட பாரிஸ் நகரக் கொலைக் கதையைத் துப்பறியும் சிறுகதையின் தொடக்கம் என்பர். அதில் கொன்றது மனிதனே அன்று, ஓர் ஒராங்குட்டான் குரங்கு. இங்கும் கொலைகாரன் இல்லாத கொலைதான்.

வியப்பு மிகுந்த சாட்சி வந்தால் உண்மை விளங்கியே தீரவேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922-இல் ஒரு தோப்பில் நிகழ்ந்த கொலையைப் பற்றிச் சிறுகதை ஒன்று எழுதினார். அதில் கொலையுண்டவனின் ஆவியே ஒரு பெண்ணின் வாய்வழி வந்து சாட்சி சொல்கிறது. அப்போதும் உண்மை தெளியவில்லை. கள்வன், மனைவி, ஆவி மூவர் கூற்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. குரோசாவா 1950-இல் எடுத்த ‘ராஷோமோன்’ திரைப்படத்துக்கு இக்கதையே அடிப்படை.

மதுரையிலேயே நிகழ்ந்ததாக நாம் படிக்கும் மற்றொரு கொலையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான், ஆராயவில்லை. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடி கோவலன் இறந்த பிறகே வந்தது. மதுராபதித் தெய்வம் தோன்றிப் பழம்பிறப்பின் வினையைக் கண்ணகிக்கு விளக்கியதும் நகர் எரிந்த பின்னரே. ஒரே ஊர், இரண்டு அரசர்கள். ஒருவன் காத்திருந்தான், மற்றவன் காத்திருக்கவில்லை.

நானும் காத்திராதவர் வரிசையைச் சேர்ந்தவனே. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், என் வகுப்பில் ஒரு மாணவனின் கட்டணப் பணம் காணாமற்போயிற்று. நண்பகலில் வகுப்பறையில் தனித்திருந்தவன் வேறொரு சிறுவன். அவன் ஏழை என்பதையும் ஒரு சான்றாகவே என் மனம் கணக்கிட்டது. பிரம்பை எடுத்தேன். அவன் சொல் மாறவில்லை. நான்காம் நாள், பணத்தை இழந்தவனின் பையிலேயே, கிழிந்த உள்துணிக்குள் அது கிடந்தது. அடிபட்டவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் அவ்வாறு கேட்பது வழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாண்டியன் வேடனிடம் பொறுத்தருளுமாறு வேண்டிப் பொருளும் கொடுத்து அனுப்பினான் என்ற பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தாழும்.

இப்படலத்தைக் கதையாகச் சொன்ன வகுப்புகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுந்தன. அம்பு மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்த தடம் உடலில் இருந்திருக்குமே, அதை ஏன் எவரும் பார்க்கவில்லை என்பது ஒன்று. நல்ல கேள்வி, மழையிலும் வெயிலிலும் கிடந்த அம்பு வேடனின் அம்போடு ஒத்திருக்குமா என்றும் அதனோடு சேர்த்துக் கேட்கலாம். மணமகன் இறக்கப்போவதை அறிந்த இருவரும் அவனை ஏன் எச்சரிக்கவில்லை என்பது மற்றொன்று. விதியை விலக்க இயலாது என்பது புராணம் தரும் விடை. அது மாணவர்க்கு நிறைவளிக்கவில்லை. எனக்கும் முழு நிறைவு தரவில்லை. ஒரு சாவின் உண்மையை விளக்க மற்றொரு சாவு தேவைப்பட்டது. அக்கதையில் உறுத்துகிற இடம் அதுதான். மறக்கமுடியாத இடமும் அதுதான்.

நூலை வேங்கடசாமி நாட்டார் உரையோடு படியுங்கள். உரை துணையிருந்தால் செய்யுள் அச்சுறுத்தாது. படித்தபின் ஒரு பயிற்சி செய்யலாம். விடுதலை பெற்ற வேடன் அன்று மாலை தன் குடிசைக்குத் திரும்பியிருப்பான். காவலில் பட்ட காயங்களோடு, அரசன் தந்த பொருளையும் கையில் ஏந்தி நின்றவனிடம் அவன் மனைவி என்ன கேட்டிருப்பாள்? அவன் என்ன சொல்லியிருப்பான்? இரண்டு பக்க அளவில் எழுதிப் பாருங்கள்.