விமானம் இறங்கிவிட்டது... உடம்பு இன்னும் தாமலில்தான் இருக்கிறது!

குறைந்த செலவில் வெளிநாடு போகிறவர்கள் எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். முதல் ராத்திரிப் படுக்கையில் மட்டும் வேண்டாம். ஏன் தெரியுமா?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். பெரிய ஏரி, வராகீஸ்வரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில், பட்டு நெசவுக்குப் பேர்போன காஞ்சி வட்டாரம். இந்த ஊரிலிருந்து ஓர் இளைஞர் முதல்முறையாக வெளிநாடு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் ஒரே ஒரு பை. சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். போகிற ஊர் கோலாலம்பூர். சென்னையிலிருந்து விமானம் நள்ளிரவு 12.15-க்கு.

காலை 6 மணிக்கு எழுந்து, வேலைக்கும் போய்விட்டு வந்து, அவசர அவசரமாகப் பையைக் கட்டி, இரவு 7 மணிக்குக் கிளம்புகிறார். 9 மணிக்கு மீனம்பாக்கம். குடியேற்ற சோதனை வரிசையில் அவர் நிற்கும்போது மணி 11. அதாவது, கண் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது.

இந்த 17 சாதாரண எண் அல்ல. தூக்கம் கெட்டால் மனிதன் எப்படித் தடுமாறுகிறான் என்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் ஆகியோர் ஆராய்ந்து, 1997-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவிகிதம்தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காத நம் இளைஞர், விமானம் ஏறும் முன்பே குடித்தவரைப் போன்ற தடுமாற்றத்தில் இருக்கிறார்!

விமானப் பயணம் சுமார் 4 மணி நேரம். இறங்கும்போது நம் கணக்கில் அதிகாலை 4.15, அங்கே காலை 6.45. சோதனைகளை முடித்து, பஸ் பிடித்து, ஹாஸ்டல் வாசலுக்குப் போகும்போது மணி 8.30 ஆகிவிடுகிறது. “செக்-இன் மதியம் 2 மணிக்குத்தான்” என்கிறார் வரவேற்பறை ஊழியர். இன்னும் ஐந்தரை மணி நேரம். படுக்கை கிடைக்கும்போது, விமானத்தில் போட்ட குட்டித் தூக்கத்தைத் தவிர்த்துப் பார்த்தால், அவர் விழித்து ஏறத்தாழ 29 மணி நேரம்.

பாஸ்போர்ட்டைக் கவுன்ட்டரில் மறந்துவிட்டு வருவது, ரிங்கிட்டை ரூபாயாக மாற்றத் தெரியாமல் டாக்ஸிக்குப் பல மடங்கு கொடுப்பது, பூங்கா பெஞ்சில் கண் அயர்ந்து போனைப் பறிகொடுப்பது... இதற்கெல்லாம் வாய்ப்பு அதிகமான நேரம் இந்த ஐந்தரை மணி நேரம்தான்.

தேதியில் ஒளிந்திருக்கும் வம்பு

நள்ளிரவு விமானங்களில் இன்னொரு பொறி உண்டு. டிக்கெட்டில் ‘12-ம் தேதி, 00.15’ என்று இருந்தால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11-ம் தேதி மாலை. இதைக் கவனிக்காமல் 12-ம் தேதி ராத்திரி விமான நிலையம் போனால், விமானம் முந்தைய இரவே பறந்திருக்கும்.

ஹாஸ்டலுக்கும் இதே கணக்குதான். 12-ம் தேதி காலை 8.30-க்குப் போய்ப் படுக்க வேண்டுமென்றால், படுக்கையை 11-ம் தேதி இரவிலிருந்து பதிவு செய்ய வேண்டும். ஒரு நாள் வாடகை கூடுதலாக ஆகும். ஆனால், பலர் சேர்ந்து தங்கும் டார்மிட்டரி அறையில் அது ஒரு கட்டிலுக்கான காசுதான். தூக்கக் கலக்கத்தில் செய்யும் ஒரு தவறு அதைவிடப் பெரிய தொகையை விழுங்கிவிடும்.

அப்படிப் பதிவு செய்தவுடன், ‘12-ம் தேதி காலை 8.30-க்கு வருவேன், படுக்கையை ரத்து செய்ய வேண்டாம்’ என்று ஹாஸ்டலுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிப் பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரவு ஆள் வரவில்லை என்று கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் ஹாஸ்டல்கள் உண்டு.

கூடுதல் வாடகைக்கு வழியே இல்லையா? பையை மட்டும் வைத்துக்கொள்வார்களா, குளிக்கவும் பொது ஹாலில் உட்காரவும் விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்கலாம். பெரும்பாலான ஹாஸ்டல்கள் சரி என்றுதான் சொல்லும். கோலாலம்பூர் உட்படச் சில விமான நிலையங்களில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ‘கேப்சூல்’ அறைகளும் இருக்கின்றன. ஆள் படுக்க மட்டுமே இடம் உள்ள இந்தப் பெட்டி அறைகள் 1979-ல் ஜப்பானின் ஒசாகா நகரில் பிறந்தவை. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா.

களைப்பு வேறு, ஜெட் லேக் வேறு

கோலாலம்பூருக்கும் நமக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான். அங்கே போனவரைப் படுத்துவது பெரும்பாலும் கெட்டுப்போன ஒரு ராத்திரித் தூக்கம். நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஜெட் லேக் அப்படியல்ல. அது உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்கும் ஊர்க் கடிகாரத்துக்கும் நடக்கிற சண்டை.

மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. எப்போது தூங்குவது, எப்போது பசிப்பது, எப்போது உடல் வெப்பம் குறைவது என்பதற்கெல்லாம் நேரம் குறிப்பது அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்த உயிர்க் கடிகாரம் செல்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கடிகாரம் ஒரே நாளில் திரும்பாது. பொதுவாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் பிடிக்கும். நம் உடம்பின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம்; முன்னால் இழுப்பது கஷ்டம். அதனால் மேற்கே லண்டன் போவதைவிடக் கிழக்கே டோக்கியோ, மெல்போர்ன் போவது உடம்புக்குக் கூடுதல் சிரமம்.

தாமல் கணக்கில் பார்த்தால் இது எளிதாகப் புரியும். காலை 6 மணிக்கு எழுந்து பழகியவர் கோடைக்காலத்தில் லண்டன் போனால், அங்கே நள்ளிரவு 1.30-க்குக் கண் திறந்துவிடும். சுற்றி ஏழு பேர் தூங்கும் அறையில், மேல் கட்டிலில், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பார். டோக்கியோ போனால் நேர் எதிர். இரவு 10.30-க்குத் தூங்கிப் பழகியவருக்கு, அங்கே அதிகாலை 2 மணி வரை தூக்கம் வராது. காலையில் 9.30 வரை எழவும் முடியாது. நியூயார்க்கிலோ, நம் ஊர் ராத்திரி 10 மணி என்பது கோடையில் பகல் 12.30. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தலை தொங்கும்.

நடந்து வந்தவருக்கு இல்லாத தொல்லை

காஞ்சிக்கு வெளிநாட்டுப் பயணிகள் புதியவர்கள் அல்ல. 7-ம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து புறப்பட்ட யுவான் சுவாங் இந்தியா முழுக்கச் சுற்றிக் காஞ்சிக்கும் வந்தார். வழியெங்கும் அவர் பெரும்பாலும் தங்கியது பௌத்த மடாலயங்களில். எத்தனையோ ஆபத்துகளைச் சந்தித்தார். ஜெட் லேக் மட்டும் வரவில்லை. கால்நடையாகப் போகிறவரின் உடம்பும் சூரியனும் சேர்ந்தே நகரும்.

1930-களில் உலகம் சுற்றிய செட்டிநாட்டு கோட்டையூர்க்காரர் ஏ.கே.செட்டியாருக்கும் அதே சௌகரியம் இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் படித்தவர் அவர். 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் யோசனை அவருக்கு வந்தது. அந்தப் படம் 1940-ல் வெளியானது. அன்றைய கப்பல்களில் நாளுக்கு அரை மணி, ஒரு மணி என்று கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள். கரை சேரும்போது உடம்பும் சேர்ந்திருக்கும். விமானம் வந்த பிறகுதான் ஆள் முதலிலும் உடம்பு பின்னாலும் போய்ச் சேரத் தொடங்கின.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் ஊர்ச் சத்திரத்தில் செக்-இன் நேரம் கிடையாது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காக ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் கட்டினார். காசிக்குப் போகிறவர்களுக்காக நகரத்தார் அங்கே சத்திரம் வைத்தார்கள். களைத்து வந்தவருக்கு முதலில் சோறும் திண்ணையும்தான், மற்றதெல்லாம் பிறகு.

ஹாஸ்டலும் கிட்டத்தட்ட அதே எண்ணத்தில் பிறந்ததுதான். 1909-ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது, இடி மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். ஊர் ஊராக இப்படி எளிய தங்குமிடம் இருந்தால் என்ன என்று அன்றிரவு யோசித்தார். அல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் 1912-ல் அந்த யோசனை விடுதியாக உருவெடுத்தது. உலகின் முதல் யூத் ஹாஸ்டல் என்று சொல்லப்படுவது அதுதான்.

படுக்கை தேடும்போது...

முதல் இரவுக்கான ஹாஸ்டலை ஊரிலிருந்தே, தெளிந்த தலையோடு தேர்ந்தெடுப்பது நல்லது. விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில.

வரவேற்பறை 24 மணி நேரமும் திறந்திருக்கிறதா? சின்ன ஹாஸ்டல்களில் இரவு 10 மணிக்கே ஆள் போய்விடுவார். கதவைத் திறக்கும் எண்ணை மெயிலில் அனுப்புவார்கள். போனில் நெட் இல்லாவிட்டால் அந்த எண்ணும் இல்லை.

பஸ் அல்லது ரயில் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரமா? நகரத்துக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் படுக்கை, போக்குவரத்துச் செலவில் சமமாகிவிடும்.

லாக்கர் உண்டா? பூட்டு பெரும்பாலும் நாமே கொண்டுபோக வேண்டும். பெண்களுக்குத் தனி டார்மிட்டரி உண்டா, வயது வரம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில ஹாஸ்டல்களில் துண்டுக்கும் தனிக் காசு. சீக்கிரம் காயும் மெல்லிய ஈரிழைத் துண்டு ஒன்று பையில் இருந்தால் போதும்.

முகவரியை அச்சடித்த தாளில் வைத்திருப்பது அவசியம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்தாலும், பயணத்துக்கு முன் ஆன்லைனில் வருகைப் படிவம் நிரப்பச் சொல்கிறது. அதில் தங்குமிடத்தைக் குறிப்பிட வேண்டும். குடியேற்ற அதிகாரி திரும்பும் டிக்கெட்டையும் கேட்கலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

டார்மிட்டரி வாழ்க்கை ஒத்துவருமா என்ற சந்தேகம் இருப்பவர்கள், மாமல்லபுரத்திலோ புதுச்சேரியிலோ ஒரு ராத்திரி ஹாஸ்டலில் தங்கிப் பார்த்துவிடலாம். குறட்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான்!

வெயில்தான் மருந்து

போய்ச் சேர்ந்த பிறகு, உடம்பைப் புது ஊருக்குப் பழக்கும் முதல் மருந்து சூரிய வெளிச்சம். மேற்கே போனவர்கள் மாலை வெயிலில் நடந்து, இரவு 9 மணி வரையாவது விழித்திருக்க வேண்டும். டோக்கியோ போனவர்கள் காலை 8 மணிக்குப் பிறகு வெளியே வர வேண்டும். விடியற்காலை வெளிச்சம் முதல் இரண்டு நாள்களுக்கு உடம்புக் கடிகாரத்தைத் தவறான பக்கம் தள்ளக்கூடும்.

பகலில் தாங்க முடியாத தூக்கம் வந்தால் அலாரம் வைத்து 20, 30 நிமிடம் தூங்கலாம். ராத்திரி முழுக்கக் கண் விழித்து வந்தவர் காலையில் ஒன்றரை மணி நேரம்கூடத் தூங்கலாம். மதியம் 3 மணிக்கு மேல் படுத்தால் இரவுத் தூக்கம் போய்விடும். குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். நள்ளிரவில் விழிப்பு வந்தால் போனை நோண்டாமல் கிடக்கலாம். முடியாவிட்டால் பொது ஹாலுக்குப் போய்விடலாம். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அது நல்லது.

மெலடோனின், தூக்க மாத்திரை போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இன்சுலின், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், புது ஊர் நேரத்தில் எப்போது எடுப்பது என்று கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் முதல் ராத்திரி அரைத் தூக்கமாகவே இருக்கலாம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புது இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி ஆழ்ந்து தூங்காமல் காவல் காக்கிறதாம். அதனால் மறுநாள் காலையிலேயே தூரத்து ஊருக்கு டிக்கெட் போடாமல், முதல் இரண்டு இரவுகளை ஒரே கட்டிலில் கழிப்பது புத்திசாலித்தனம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இறங்கியவுடன் போன் எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். ஹாஸ்டல் பெயர், முகவரி, வரவேற்பறை எண் மூன்றையும் கிளம்பும் முன் வாங்கிக் காலண்டர் பக்கத்தில் எழுதி வையுங்கள். “அங்க இப்போ மணி என்ன?” என்று கணக்குப் போட்டுவிட்டு அழையுங்கள்.

பையும் ஆளும் சேர்ந்துவிட்டார்கள். உடம்பு தாமலிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேரும் வரை அதற்கு ஒரு கட்டில் வேண்டும்.